ஏழாவது மாடியில் ஓர் அவரைப் பந்தல்

1

போன சனிக்கிழமை வேலை முடிந்து வந்தபோது கதவிடுக்கில் ஒரு தாள் செருகியிருந்தது. நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் நிர்வாகத்திலிருந்து வந்தது. தட்டச்சு செய்து, முத்திரை குத்தி, வழக்கம்போல என் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள். பன்னிரண்டு வருடமாக என் பெயர் இங்கே அப்படித்தான் இருக்கிறது. திருத்தச் சொல்லி ஒருமுறை அலுவலகத்துக்குப் போனேன். வரிசையில் நின்று, என் முறை வந்ததும், வேறு ஏதோ படிவம் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவன். பிரெஞ்சுத் தாள் எது வந்தாலும் என் மகள் மாலாதான் படித்துச் சொல்ல வேண்டும். அவளுக்குப் பன்னிரண்டு வயது. நின்றபடியே படித்தாள்.

"பால்கனியில் இருக்கும் வாளியை எடுக்க வேண்டுமாம். ஆறாவது மாடிக்காரர்கள் துணிமேல் தண்ணீர் சொட்டுகிறதாம். எட்டு நாள் கெடு." அவள் இதைப் பிரெஞ்சில் சொன்னாள். நான் தமிழில் கேட்டுக்கொண்டேன்.

அந்த வாளியில் நான்கு அவரைச் செடிகள் இருக்கின்றன. ஒரு சாண் உயரம். புதுச்சேரியில் கொல்லையில் தானாக முளைத்துப் படரும் அவரைக்கு இங்கே இத்தனை வழக்கா என்று உங்களுக்குச் சிரிப்பு வரலாம். அந்த வாளி ஏழாவது மாடிக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பத்திரிகைக்காரர்கள் திருத்திக்கொள்ளட்டும்.

2

நான் புதுச்சேரியில் மில்லில் வேலை பார்த்தவன். இந்தியக் குடியுரிமையா பிரெஞ்சுக் குடியுரிமையா என்று தேர்ந்தெடுக்கச் சொன்ன அந்த ஆப்ஷன் வந்தபோது எனக்கு இருபத்தைந்து வயது. தெருவில் பத்துப் பேர் கையெழுத்துப் போடப் போனார்கள், நானும் போனேன். அந்த ஒரு கையெழுத்தால் பிரெஞ்சுக்காரன் ஆனேன். பத்து வருடம் அதனால் ஒன்றும் நடக்கவில்லை. எழுபத்து மூன்றில் தனத்தைக் கல்யாணம் செய்துகொண்டு, அதே வருடம் இங்கே வந்துவிட்டேன்.

கிளம்பும்போது தனத்தின் அம்மா என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். விவசாயக் குடும்பம். நிலம் போய், டவுனுக்கு வந்து, முத்தியால்பேட்டையில் ஓட்டு வீட்டின் பின்னால் இருந்த இருபதடிக் கொல்லையில் காய்கறி போட்டுக்கொண்டிருந்தவர்கள்.

"போற எடத்துல மண்ணு இருக்குதா தம்பி?"

நான் அந்த நாட்டைப் பார்த்ததே இல்லை. மாமியாரிடம் அதிகம் பேசவும் கூச்சம். தலையை ஆட்டினேன். பக்கத்தில் நின்ற தனம் அதைப் பார்த்தாள்.

வந்து சேர்ந்த இடம் பாரிசுக்கு வடக்கே ரயிலில் இருபத்தைந்து நிமிடம் தள்ளியிருக்கும் ஊர். ஏழாவது மாடி. ஒரு மருத்துவமனையின் சலவைப் பகுதியில் வேலை. விடிவதற்கு முன் ரயில். போர்வை, தலையணை உறை, நோயாளிகளின் அங்கி. சாயங்காலம் திரும்பி வந்தால் சாப்பாடு, பிறகு ஜன்னலோர நாற்காலி. எதிர்க் கட்டடத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தனம் பாத்திரம் கழுவுவாள். எங்களுக்குள் சண்டை எதுவும் கிடையாது. எனக்குப் பேச்சு வராது, அவ்வளவுதான்.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை அவள் தங்கை கஸ்தூரிக்குக் கடிதம் எழுதுவாள். எட்டாவது படித்தவள், எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஒட்டி என்னிடம் கொடுப்பாள். வேலைக்குப் போகும் வழியில் நான் பெட்டியில் போடுவேன். பதினோரு வருடம் போட்டேன். என்ன எழுதினாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

போன வருடம் குளிர்காலத்தில், மூன்று வாரக் காய்ச்சலில், தனம் போய்விட்டாள். பதிவு அலுவலகத்தில் எழுதுகிறவர் அவளுடைய தொழில் என்ன என்று கேட்டார். எனக்கு வார்த்தை வரவில்லை. அவரே அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதி, தாளைத் திருப்பிக் கையெழுத்துக்கு நீட்டினார்.

3

முதல் தெவசத்துக்கு ஊருக்குப் போக விடுப்புக் கேட்டு, ஆறு மாதத்துக்கு முன்பே சீட்டு வாங்கினேன். மாலாவுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வீட்டில் அவளை விட்டேன். கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டாள்: "அம்மா ஊருக்கு எழுதினாளே, அதில் என்னைப் பற்றி என்ன எழுதினாள்? கொண்டு வருவாயா?" தாய் போன பிறகு அவள் என்னிடம் கேட்ட முதல் பொருள் அது. கொண்டு வருகிறேன் என்றேன்.

முத்தியால்பேட்டையில் போய் இறங்கியதும் கஸ்தூரி அழுதாள். அழுது முடித்ததும் கோபித்துக்கொண்டாள்.

"ஏன் மாமா, தேதி பாத்தா வந்தீங்க? தெவசத்துக்கு எவனாவது தேதி பாப்பானா? திதி போன வாரமே போயிடுச்சு. நீங்க வருவீங்க வருவீங்கன்னு வாசல பாத்துக்கினு இருந்தோம்."

"ஆஸ்பத்திரித் தாள்ல இந்தத் தேதிதான் போட்டிருந்தது."

"வுடு கஸ்தூரி," என்றார் அவள் கணவர் நாராயணசாமி. "அந்த ஊர்ல நெலா கெடையாது போல. நம்ம சகல தேதிய வெச்சித்தான் காலந்தள்ளுறாரு." பிறகு என்னிடம், "ஒண்ணும் கவலப்படாதீங்க. ஐயர்கிட்ட கேட்டுட்டேன். அமாவாசைக்குக் குடுக்கலாமாம். இன்னும் ஏழு நாளு" என்றார்.

அப்படித்தான் அந்த ஏழு நாள் என் கையில் வந்து சேர்ந்தது. எனக்கு அங்கே பார்க்க வேண்டியவர்கள் என்று யாரும் இல்லை. அப்பா அம்மா போய்ப் பல வருடம். மில் சிநேகிதர்கள் திசைக்கு ஒருவராகப் போய்விட்டார்கள்.

கஸ்தூரி காபி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்டாள்: "தோட்டத்த யாருகிட்ட ஒப்படைச்சிட்டு வந்தீங்க?"

எனக்குப் புரியவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால், தெரிந்த ஒன்றை விசாரிக்கிற முகம். எந்தத் தோட்டம் என்று கேட்டிருக்க வேண்டும். கூச்சத்தில் வாய் வேறு எதையோ சொல்லியது.

"பனியில எல்லாம் போயிடுச்சும்மா."

"அவரையுமா?"

"அவரையும்."

"அடப்பாவமே. அக்கா போனதும் அதுவும் போயிடுச்சு பாருங்க." கொல்லைப் பக்கம் கை காட்டினாள். "எங்க பந்தலும் சாஞ்சு கெடக்குது. இவரு காகிதத்த தைக்கிற ஆளு, கழி நடத் தெரியாது. நீங்க இருக்கறப்ப அத நிமித்திக் குடுத்துட்டுப் போங்க. நீங்க போடற பந்தலப் பத்தி அக்கா எழுதாத கடுதாசி உண்டா?"

நான் வாழ்க்கையில் பந்தல் போட்டதே இல்லை.

4

கடிதங்களைக் கஸ்தூரி கம்பியில் குத்தி வைத்திருந்தாள். கடைகளில் ரசீது குத்தி வைப்பார்களே, அடியில் வட்ட அட்டையும் மேலே கொக்கியும் உள்ள கம்பி. நான்கு கம்பி. "வரிசை மாறாம படிச்சிட்டு அப்படியே குத்தி வெச்சிடுங்க" என்று கொடுத்தாள்.

கம்பியில் கடைசியாக வந்தது மேலே இருக்கும். அதனால் பின்னாலிருந்து முன்னால் படித்தேன். காலையில் செடிகளுக்குத் தண்ணீர் இறைத்து ஊற்றிவிட்டு, கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து, விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஒரு கடிதத்தை மூன்று முறை படித்தால்தான் எனக்கு மனதில் நிற்கும். பதினோரு வருடக் கடிதம். நாளுக்கு நாற்பது படித்தேன். அதற்கு முன் என் ஆயுளில் நான் அவ்வளவு படித்ததில்லை.

மேலே இருந்த கடைசிக் கடிதம் காய்ச்சல் தொடங்கிய வாரம் எழுதியது. "இந்த வருஷம் பனி அதிகம். செடியெல்லாம் கருகிவிட்டது. பங்குனியில் மறுபடி போடலாம் என்று அவர் சொல்கிறார்."

நான் அப்படி எதுவும் சொல்லவில்லை. செடியே இல்லை.

அடுத்தது. அதற்கு அடுத்தது. எல்லாவற்றிலும் ஒரு தோட்டம் இருந்தது. வீட்டுக்குப் பின்னால், வேலியோடு. கஸ்தூரி கடிதத்துக்குள் ஒட்டி அனுப்பிய விதைகள் முளைத்தன, பூத்தன, அவற்றில் பூச்சி விழுந்தது. கத்திரியில் காய்ப்புழு வந்து சாம்பல் தூவிய கதை ஒரு மாதம் நடந்தது. பக்கத்து வீட்டுப் போர்த்துகீசிய அம்மாளுக்கு ஒரு கூடை அவரை கொடுத்து, அவள் அதை எப்படிச் சமைப்பது என்று தெரியாமல் தோலோடு வேகவைத்த கதை. அந்த அம்மாள் உண்மை. எங்களுக்கு எதிர்க் கதவு. அவரை மட்டும் பொய்.

மாலாவைப் பற்றி எழுதியவை எல்லாம் உண்மை. முதல் பல், பள்ளிக்கூட வாசலில் தனம் அழுதது, மாலா அழாதது. "நான் தமிழில் கேட்கிறேன், அது பிரெஞ்சில் பதில் சொல்லுது. சண்டை போடும்போது மட்டும் ரெண்டு பேருக்கும் நல்லா புரியுது."

என்னை எங்கே எழுதியிருக்கிறாள் என்று தேடினேன். தேடாமல் இருக்க முடியுமா? முதலில் 'அவரும் நலம்' என்ற ஒரு வரிதான் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. நான் தோட்டத்தில் இருந்தேன். கழி நட்டேன். கயிறு கட்டினேன். வேலையில் நடந்ததைச் சொல்லி அவளைச் சிரிக்க வைத்தேன். ஒரு கடிதத்தில் இப்படி இருந்தது: "இன்று அவர் பந்தல் போட்டார். நான் கயிறு பிடித்தேன். சாயங்காலம் ரெண்டு பேரும் கீழே உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம்."

வேறு வேறு வருடங்களில் கிட்டத்தட்ட இதே வரி ஒன்பது இடத்தில் வந்தது. எண்ணக்கூடாது என்று நினைத்தும் எண்ணினேன்.

கல்லில் உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறிவிட்டது. கஸ்தூரி சமையல் கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "படிச்சீங்களா மாமா, அந்தப் போர்த்துகீசுக்காரி கத?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த வாரம் முழுவதும் என் வேலை அதுதான். அவள் நினைத்துக்கொண்டிருக்கிற ஆளாக இருப்பது. உண்மையைச் சொன்னால் பதினோரு வருடக் கடிதமும் அவளுக்குப் பொய்யாகிவிடும். பிறகு எந்த முகத்தோடு அவற்றை மாலாவுக்காகக் கேட்பேன்?

5

மூன்றாம் நாள் நாராயணசாமி என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். அவரும் பழைய மில் தொழிலாளிதான். என்னைவிட நான்கு வயது சின்னவர். மில்லில் வேலை போனதும் தட்டாஞ்சாவடியில் ஓர் அச்சகத்தில் பைண்டிங் வேலைக்குச் சேர்ந்திருந்தார்.

"கெணத்தடியில ஒக்காந்து கடுதாசி படிச்சி அழுவறதுக்கு, என்கூட வந்து ரெண்டு நோட்டு தைங்க சகல. கைக்கு வேல இருந்தா கண்ணுக்கு வேல கொறையும்."

நான் அழவில்லை என்றேன். "சரி, வேர்வைதான்" என்றார்.

கம்பித் துளையைச் சுற்றிக் கடிதங்களில் துரு ஏறி, தாள் உதிர ஆரம்பித்திருந்தது. இன்னும் சில வருடத்தில் மிஞ்சாது. அதைப் பைண்டு பண்ண முடியுமா என்று கேட்டேன். பண்ணலாம், ஆனால் நான் பண்ணமாட்டேன், நீங்களே பண்ணுங்க என்றார். அன்று மதியமும் மறுநாள் மதியமும் பழைய நோட்டுகளில் பழகினேன். தாளைத் தட்டி விளிம்பு சேர்ப்பது, குத்தூசியால் துளை போடுவது, மெழுகு தடவிய நூலால் தைப்பது. பசை மைதாவில் காய்ச்சுவது. பூச்சி அரிக்காமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவார்கள்.

பசையில்தான் தோற்றேன். தாள் மடிக்கும் பெண்களில் ஒருத்தி என் கையைப் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சொன்னாள்: "பாருங்கடி, பிரான்சுக்காரரு ரொட்டிக்கு வெண்ண தடவுறாரு." அந்த அறை முழுவதும் சிரித்தது. எனக்குக் காது சுட்டது.

ஆனால் தைக்கும்போது ஒருமுறை நூல் அறுந்தது. யோசிக்காமல் இரண்டு நுனியையும் சேர்த்து விரலால் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தேன். மில்லில் அறுந்த இழைக்குப் போடும் முடிச்சு. பன்னிரண்டு வருடமாகப் போடாதது. நாராயணசாமி குனிந்து பார்த்தார்.

"பாத்தீங்களா, கை மறக்கல."

அந்த வாரத்தில் என்னை மெச்சி யாராவது சொன்ன உண்மையான சொல் அது ஒன்றுதான்.

ஐந்தாம் நாள், கடிதங்களைப் புத்தகமாகக் கட்டட்டுமா என்று கஸ்தூரியிடம் கேட்டேன். கம்பிகளை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "கட்டிட்டா நடுவுல ஒண்ண எடுத்துப் படிக்க முடியுமா?" என்றாள். பிரித்துப் படிக்கலாம், உதிராது என்றேன். ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தாள். விளிம்புவரை எழுதியிருந்த தாள்களுக்கு ஓரத்தில் மெல்லிய ஒட்டுத்தாள் ஒட்டி, அதில் தைத்தேன். ஒரு கடிதத்தில் பசை அதிகமாகி மை பரவிவிட்டது. நான்கு வரி நீலத் திட்டாகப் போயிற்று. அன்று நெடுநேரம் அதைக் காயவைத்துப் பார்த்தேன். மாலாவுக்கு முதன்முதலில் ஜுரம் வந்த கடிதம். கஸ்தூரி அதைப் பார்த்துவிட்டு, "எனக்கு மனப்பாடம், வுடுங்க" என்றாள்.

6

பந்தல் இன்னொரு கதை. முதல் நாள் சாயங்காலம் நான்கு சவுக்குக் கழி நட்டு, குறுக்கே கட்டி, கொடியைத் தூக்கி விட்டேன். காலையில் எல்லாம் ஒரு பக்கமாகப் படுத்திருந்தது.

கஸ்தூரி இடுப்பில் கை வைத்து நின்றாள். "பதினோரு வருஷமா பந்தல் போட்ட கையா மாமா இது?"

"அங்க கழி வேற மாதிரி," என்றேன்.

"ஆமா, அங்க கழி தானா நிக்கும்."

ஒவ்வொரு சாயங்காலமும் அதைத் திரும்பக் கட்டினேன். குழி ஆழம் போதவில்லை என்று இரண்டாம் நாள் புரிந்தது. கயிறு வழுக்குகிறது என்று நான்காம் நாள். ஆறாம் நாள் முடிச்சை மாற்றிக் கட்டினேன். பந்தல் நின்றது. ஆட்டிப் பார்த்தேன். நின்றது.

அன்று காலையில்தான் நான்காவது கம்பியின் அடிக்கு வந்திருந்தேன். முதல் கடிதம். தைப்பதற்கு மிச்சமிருந்த கடைசித் தாளும் அதுதான். "அம்மாவிடம் சொல். அவர் தலையாட்டியது உண்மைதான். இங்கே மண் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம். அவரை போடலாம் என்று இருக்கிறோம்."

என் தலையாட்டலைத்தான் அவள் பதினோரு வருடம் தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறாள். மாமியார் நான்கைந்து வருடத்தில் போய்விட்டார்கள். அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை.

புத்தகத்தைத் தைத்து முடித்து, அட்டைக்குக் காலிகோ துணி ஒட்டி, அம்மிக்கல்லுக்கு அடியில் வைத்தாயிற்று. கஸ்தூரி கிணற்றடியில் நாளைக்கான பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றேன்.

"கஸ்தூரி, அந்தக் கடுதாசிய மாலாவுக்கு எடுத்துக்கிட்டுப் போவட்டுமா? அவ கேட்டா."

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "அவளுக்குத் தமிழ் படிக்க வருமா?"

"வராது. நான் படிச்சிக் காட்டுவேன்."

"தோட்டத்தப் பத்தி வர்றப்ப என்னா சொல்லுவீங்க?"

நான் பந்தல் பக்கம் திரும்பினேன்.

"எனக்குத் தெரியும் மாமா. மூணாவது கடுதாசியிலயே தெரியும். கவர் மேல உங்க வெலாசம் பிரெஞ்சுல எழுதறாங்க இல்ல, அத எதுத்த வூட்டு பென்ஷன்காரரு படிச்சிச் சொன்னாரு. ஏழாவது மாடின்னு. ஏழாவது மாடியில எவ கொல்லையில அவர போடுவா?"

"பின்ன ஏன் வெதை அனுப்புன?"

"கேட்டா, எழுதறத நிறுத்திடும். அம்மா சந்தோஷமா கேட்டுக்கினு இருந்தது. அம்மா போனப்பறம் எனக்கே வேண்டியிருந்தது." சொம்பைக் கவிழ்த்து வைத்தாள். முதல் முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "தோட்டம் பொய்னு தெரியும். உங்களப் பத்தி எழுதுனது நெசந்தான மாமா? நீங்க அதுகிட்ட ஒக்காந்து பேசுனது? அத வெச்சித்தான் மனச தேத்திக்கினேன். எங்கியோ மாடியில கெடந்தாலும் பேச ஓர் ஆள் இருக்குதுன்னு."

ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். புத்தகம் என் பெட்டிக்குள் வந்துவிடும். ஏற்கெனவே ஒருமுறை அந்த வீட்டில் தலையாட்டியிருக்கிறேன்.

"இல்லம்மா," என்றேன். "நான் பேசுனதில்ல."

நாராயணசாமி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு உள்ளே போனார். கஸ்தூரி மிச்சமிருந்த பாத்திரங்களைத் தேய்த்தாள். அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக.

7

அமாவாசையன்று விடியற்காலை கடற்கரைக்குப் போய் எள்ளும் தண்ணீரும் விட்டோம். ஐயர் தனத்தின் பெயரைச் சொன்னபோது அலைச்சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து படையல் போட்டோம். எங்கள் பந்தலில் பறித்த அவரைக்காயும் இலையில் இருந்தது.

அமாவாசைக்கு மூன்றாம் நாள் எனக்கு விமானம். பெட்டி கட்டும்போது கஸ்தூரி வந்தாள். கையில் புத்தகம் இருந்தது. ஒரு நிமிடம் எனக்குத்தான் என்று நினைத்தேன்.

"இது எனக்கு எழுதுனது மாமா. என்கிட்டயே இருக்கட்டும். மாலாவ அழைச்சிக்கினு வாங்க. கெணத்தடியில ஒக்கார வெச்சிப் படிச்சிக் காட்டுங்க."

"அதுவரிக்கும்?"

"அதுவரிக்கும் என்னா? நீங்கதான் மூணு தடவ படிச்சிட்டீங்களே."

மடித்த காகிதம் ஒன்றை என் சட்டைப் பையில் வைத்தாள். "அவர வெத. பையில வெச்சிக்கினு மறந்துடாதீங்க. எனக்கு சனிக்கெழம கடுதாசி வந்து பழக்கம். எழுதுங்க."

"என்னா எழுதறது?"

"நடக்கறத எழுதுங்க."

விமான நிலையத்தில் மாலா என் கையைப் பார்த்தாள். கொண்டு வரவில்லை என்றேன். சரி என்று தோளைக் குலுக்கினாள். இங்கே பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் குலுக்குகிறார்கள். அதில் எவ்வளவு வருத்தம் இருக்கிறது என்று அளக்க எனக்குத் தெரியாது. ரயிலில் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள், நான் அவளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். சொல்வதற்கு இருநூற்றுச் சொச்சம் கடிதம் என்னிடம் இருந்தது. ஒன்றும் வாயில் வரவில்லை. அப்படியே இரண்டு மாதம் போயிற்று. இடையில் வாளி வாங்கினேன், மண் வாங்கினேன். இங்கே மண்ணைப் பையில் அடைத்துக் கடையில் விற்கிறார்கள். மாமியாருக்கு அதைச் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் போன சனிக்கிழமை அந்தத் தாள் வந்தது.

படித்து முடித்த மாலா, தூக்கிப் போட்டுவிடலாமே என்றாள். வேண்டாம், உள்ளே வைப்போம் என்றேன். வாளியைத் தூக்கிச் சமையலறை ஜன்னலோரம், என் நாற்காலி இருந்த இடத்தில் வைத்தோம். நாற்காலியை அவள் அறைக்குத் தள்ளினோம். கொடிக்கு ஏறுவதற்கு எதுவும் இல்லை. திரைச்சீலைக் கம்பியிலிருந்து வாளிவரை நூல் கட்டினேன். ஒரு நூல் குட்டையாகப் போயிற்று. இன்னொன்றைச் சேர்த்து முடிச்சுப் போட்டேன். மாலா விரலைப் பார்த்தாள்.

"எப்படிச் செய்தாய்?"

மெதுவாகத் திரும்பச் செய்து காட்டினேன். மில்லைப் பற்றிச் சொன்னேன். மில்லிலிருந்து பேச்சு எப்படியோ கிணற்றடிக்கு வந்தது. பள்ளிக்கூட வாசலில் அம்மா அழுததையும் அவள் அழாததையும் சொன்னேன். அது அம்மா எழுதியதா என்று கேட்டாள். ஆமாம், அம்மா எழுதியபடியே சொல்கிறேன் என்றேன். இன்னொன்று சொல் என்றாள், தமிழில்.

அவள் தூங்கப் போகுமுன்பே காகிதத்தை எடுத்துவைத்தேன். எனக்கு ஒரு பக்கம் எழுத ஒரு மணி நேரம் ஆகும். எழுதியதை அப்படியே இங்கே தருகிறேன்.

"கஸ்தூரிக்கு மாமா எழுதுவது. இங்கு நானும் மாலாவும் நலம். அவரை நான்கு முளைத்திருக்கிறது. பூக்குமா தெரியவில்லை. இன்று பந்தல் போட்டேன். மாலா நூல் பிடித்தாள். சாயங்காலம் ரெண்டு பேரும் கீழே உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம்."